உடற்தகுதி இருந்தும் உயரமலையில் ஏன் சாகிறார்கள், தெரிந்தும் ஏன் போகிறார்கள்?

கேட்டவர் எழுதியிருந்ததன் சுருக்கம் இது: "மாரத்தான் ஓடுகிற உடம்பு, முதுகில் ஆக்சிஜன், வழி நெடுகக் கயிறு, பக்கத்திலேயே வழிகாட்டும் ஷெர்பா. இவ்வளவும் இருந்தும் எட்டாயிரம் மீட்டர் மலைகளில் ஏன் சாகிறார்கள்? சாவோம் என்று தெரிந்தே ஏன் போகிறார்கள்?" இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. உடம்பும் கருவியும் ஏன் போதவில்லை என்பது ஒன்று. அந்த ஈர்ப்பு எங்கிருந்து வருகிறது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் விடை ஏறக்குறைய ஒரே இடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. உயரத்தில் காலுக்கு முன்னால் தலை தளர்ந்துவிடுகிறது. ஆபத்தை எடைபோட வேண்டிய மூளை மழுங்குகிறது, மழுங்கியது அதற்கே தெரிவதில்லை.

"சாவோம் என்று தெரிந்தே" என்பதை முதலில் கொஞ்சம் சரிசெய்துவிடலாம். 1921 முதல் 2006 வரையிலான எவரெஸ்ட் மரணங்களை அலசிய மருத்துவ ஆய்வு 212 இறப்புகளைக் கணக்கிட்டது. அடிவார முகாமுக்கு மேலே சென்றவர்களில் இறப்பு விகிதம் சுமார் 1.3 சதவீதம். அன்னபூர்ணா, கே2, நங்கா பர்பத் ஆகிய எட்டாயிரம் மீட்டர் மலைகள் இதைவிடக் கொடியவை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் "கே2-வில் நான்கு பேர் உச்சி தொட்டால் ஒருவர் சாவார்" என்ற வகைக் கணக்கை அப்படியே விழுங்க வேண்டாம். அது இறந்தவர்களை உச்சி தொட்டவர்களோடு மட்டும் ஒப்பிடுகிறது. பாதியில் திரும்பிய பெருங்கூட்டம் அந்தக் கணக்கிலேயே வராது.

உயரே போனால் காற்றில் ஆக்சிஜன் குறைகிறது என்பார்கள். சரியாகச் சொன்னால், எவரெஸ்ட் உச்சியிலும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான், குறைவது அழுத்தம். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 760 மி.மீ. பாதரசம். 1981-இல் எவரெஸ்ட் உச்சியில் நேரடியாக அளந்தபோது கிடைத்தது 253. இதில் இன்னொரு கழிவும் உண்டு. உள்ளிழுக்கும் காற்று மூச்சுக்குழாயில் ஈரமாகிறது, அந்த நீராவி 47 மி.மீ. இடத்தை எடுத்துக்கொள்கிறது. உடல் வெப்பத்தால் வருவது என்பதால் இந்த 47 எந்த உயரத்திலும் மாறாது. 760-இல் 47 போனால் பெரிதாகத் தெரியாது, 253-இல் போனால் வலிக்கும். மீதியில் 21 சதவீதம் என்று போட்டுப் பாருங்கள்: கடல்மட்டத்தில் சுமார் 149, உச்சியில் 43.

2007-இல் எவரெஸ்ட் உச்சியிலிருந்து இறங்கிவந்த மருத்துவர்கள் சிலர் 8400 மீட்டரில் உடையைத் திறந்து, தொடைத் தமனியிலிருந்து ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். நால்வரின் ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் சராசரி 24.6 மி.மீ., மிகக் குறைந்தது 19.1. கீழே ஆரோக்கியமானவருக்கு 80-க்கு மேல் இருக்கும். மருத்துவமனையில் ஒருவருக்கு 24 என்று வந்தால் செயற்கைச் சுவாசக் கருவியை நோக்கி ஓடுவார்கள். இவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். காரணம், வாரக்கணக்கில் உடம்பைப் பழக்கியிருந்தார்கள். பழகாத ஒருவரைக் கடல்மட்டத்திலிருந்து தூக்கி அந்த உச்சியில் வைத்தால் சில நிமிடங்களில் நினைவிழப்பார்.

மீட்டர் கணக்கு மட்டும் முழுக்கதையைச் சொல்லாது. துருவத்தை நெருங்க நெருங்க வளிமண்டலம் தணிந்து படிந்திருக்கும். அதனால் அலாஸ்காவின் டெனாலி 6190 மீட்டர்தான் என்றாலும், அதே உயரமுள்ள இமயமலைச் சிகரத்தைவிட அங்கே மூச்சு அதிகம் திணறும். குளிர்காலத்தில் அழுத்தம் இன்னும் இறங்கும். கே2-வின் உச்சி 1954-இலேயே தொடப்பட்டுவிட்டது. ஆனால் குளிர்காலத்தில் அதைத் தொட 2021 ஜனவரி 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தொட்டவர்கள் நேபாளத்தைச் சேர்ந்த பத்துப் பேர்.

உடம்பு பழகுவது படிப்படியாக நடக்கும். முதல் சில மணி நேரத்தில் மூச்சு வேகமாகிறது. அதனால் கரியமில வாயு அதிகம் வெளியேறி ரத்தம் காரத்தன்மைக்குச் சாய்கிறது, அது மூச்சுக்குக் கடிவாளம் போடுகிறது. சிறுநீரகம் பைகார்பனேட் என்ற காரப்பொருளை வெளியேற்றி அந்தக் கடிவாளத்தைத் தளர்த்தச் சில நாட்கள் ஆகும். சிவப்பணுக்கள் பெருக வாரங்கள் ஆகும். இதில் எதையும் மனவுறுதியால் விரைவுபடுத்த முடியாது. நடைமுறை விதி எளிமையானது: 3000 மீட்டருக்கு மேல், தூங்கும் உயரத்தை ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்க வேண்டும். பகலில் மேலே போய்த் தொட்டுவிட்டு இரவு கீழே வந்து தூங்கலாம். உடம்பு கணக்குவைப்பது பெரும்பாலும் தூங்கிய உயரத்தைத்தான். சுமார் 5500 மீட்டரைத் தாண்டி நெடுநாள் தங்கினால் பழகுவதைவிடத் தேய்வதே அதிகம்: பசி போகும், தசை கரையும், சிறு காயம்கூட ஆறாது. பெருவின் லா ரின்கொனாடா என்ற சுரங்க ஊர் சுமார் 5100 மீட்டரில் இருக்கிறது. மனிதர்கள் நிரந்தரமாக வாழும் எல்லை ஏறக்குறைய அதுதான்.

இப்போது மாரத்தான் உடம்புக்கு வருவோம். நல்ல உடற்தகுதி உயரநோயிலிருந்து காப்பதில்லை. ஓடுகிறவருக்கு வலுவான இதயமும் காலும் இருக்கும், ஆனால் மூச்சைத் தூண்டும் நரம்பமைப்பும் நுரையீரல் நாளங்களின் சுபாவமும் பயிற்சியில் வருவதல்ல. நடைமுறையில் தகுதியுள்ளவர் ஒருபடி அதிக ஆபத்தில்கூட இருப்பார். தளர்ந்தவர் மூச்சுவாங்கி நின்றுவிடுகிற நாளில் இவர் இரண்டு நாள் தூரத்தை ஒரே நாளில் ஏறி முடித்திருப்பார்.

உயரநோய் தலைவலியில் தொடங்கும். கூடவே குமட்டல், அசதி, தலைச்சுற்றல். இது மட்டும் என்றால் அதே உயரத்தில் ஓய்வெடுத்தால் ஓரிரு நாளில் தணியும்; அதற்குள் மேலே போகக்கூடாது, அவ்வளவுதான். கொல்வது இதன் இரண்டு தீவிர வடிவங்கள்: மூளை வீக்கமும் நுரையீரலில் நீர் கோத்தலும்.

மூளை வீக்கத்தைக் கண்டுபிடிக்க ஸ்கேன் தேவையில்லை. கூடாரத்துக்கு வெளியே சமதரையில் ஒரு கோடு கீறி, ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரல்நுனியில் ஒட்டவைத்து ஒட்டவைத்து நடக்கச் சொல்லுங்கள். கரடுமுரடான தரையும் கனத்த பூட்ஸும் யாரையும் தடுமாற வைக்கும் என்பதால், நலமாக இருக்கும் ஒருவரையும் அதே கோட்டில் நடக்கவிட்டு ஒப்பிடுங்கள். நோயாளி கோட்டைவிட்டு விலகினாலோ, கைகளை விரித்துச் சமாளித்தாலோ, அதை மூளை வீக்கம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்கும் முன்னால் சின்னச் சின்ன அறிகுறிகள் வரும். பூட்ஸ் லேஸைக் கையில் பிடித்தபடி கட்டாமல் உட்கார்ந்திருப்பார். சாப்பாட்டுக் கூடாரத்துக்கு வரமாட்டார். கேட்டால் எரிந்துவிழுவார். "அசதிதான், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று அவரே சொல்வார், நாமும் நம்பிவிடுவோம். தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு வரும், ஆக்சிஜன் இன்னும் இறங்கும். காலையில் எழுப்பினால் எழமாட்டார்.

நுரையீரல் வகை பெரும்பாலும் புதிய உயரத்துக்குப் போன இரண்டாம் இரவிலிருந்து நான்காம் இரவுக்குள் வரும். ஆக்சிஜன் குறைந்தால் நுரையீரலின் நாளங்கள் சுருங்கும். சிலருக்கு அது சீராகச் சுருங்காமல் ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் திறந்திருக்க, திறந்த பகுதியில் அழுத்தம் எகிறி, நீர் கசிந்து காற்றறைகளில் தேங்குகிறது. அடையாளம்: பத்து நிமிடம் உட்கார்ந்த பிறகும் மூச்சு அடங்காது, வறட்டு இருமல், உதட்டில் நீலம், முற்றினால் இளஞ்சிவப்பு நுரை. நெடுங்காலம் இதை நிமோனியா என்றே நினைத்திருந்தார்கள். அமெரிக்க மருத்துவரும் மலையேற்றக்காரருமான சார்லஸ் ஹூஸ்டன் 1960-இல் வெளியிட்ட குறிப்புக்குப் பிறகுதான், இது தொற்று இல்லை, உயரம் செய்கிற வேலை என்பது மருத்துவ உலகில் பரவலாகப் பதிந்தது.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே: இறங்குதல். இறங்க முடியாத இரவில் மற்றவை நேரம் வாங்கித் தரும். மூளை வீக்கத்துக்கு டெக்சாமெத்தசோன், முதலில் 8 மி.கி., பிறகு ஆறு மணிக்கொருமுறை 4 மி.கி. நுரையீரலுக்கு நிஃபெடிபின், மெதுவாக வெளிப்படும் வகை, 12 மணிக்கொருமுறை 30 மி.கி. அழுத்தப் பை என்று ஒன்று இருக்கிறது: ஆளை உள்ளே படுக்கவைத்து ஜிப்பை மூடிக் காலால் பம்ப் அடித்தால் உள்ளே இருப்பவருக்கு 1500 முதல் 2000 மீட்டர் இறங்கியது போலிருக்கும். கரியமில வாயு தேங்காமலிருக்க யாராவது நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தெளிந்துவிட்டார் என்று வெளியே எடுத்து அங்கேயே விட்டுவைத்தால் சில மணி நேரத்தில் பழையபடி ஆகிவிடுவார். முன்தடுப்புக்கு அசிட்டசோலமைடு, 125 மி.கி. காலை மாலை. இது அறிகுறியை மறைக்கிறது என்று பலர் நம்புகிறார்கள், தவறு. சிறுநீரகம் செய்யும் அதே பைகார்பனேட் வேலையை இது முடுக்கிவிடுகிறது. விரல்நுனி மரமரக்கும், சோடா குடித்தால் சுவை கெட்டிருக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். மறைப்பது டெக்சாமெத்தசோன்தான். அதை விழுங்கிக்கொண்டே மேலே ஏறி, மாத்திரை தீர்ந்துபோனால், அதுவரை தள்ளிப்போட்டதெல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேரும். இந்த அளவுகளெல்லாம் பொதுவானவை. உங்களுக்கு எது ஒத்துக்கொள்ளும் என்பதைப் புறப்படும் முன் மருத்துவரிடம் முடிவுசெய்ய வேண்டும்.

"அதான் சிலிண்டர் இருக்கிறதே" என்பதற்கு ஒரு கணக்கு. வழக்கமான உருளை 4 லிட்டர் கொள்ளளவு, 300 பார் அழுத்தம் (கடல்மட்டக் காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 300 மடங்கு). அதாவது சுமார் 1200 லிட்டர் வாயு. நிமிடத்துக்கு 2 லிட்டர் என்று வைத்தால் 10 மணி நேரம், 4 லிட்டர் வைத்தால் 5 மணி நேரம். எவரெஸ்ட்டின் தெற்குப் பக்கக் கடைசி முகாமிலிருந்து உச்சிக்குப் போய்த் திரும்பப் பதினைந்து மணி நேரம் ஆவது சாதாரணம். இதில் குறுகிய முகட்டில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றால், நின்ற நேரத்திலும் வாயு ஓடிக்கொண்டேதான் இருக்கும். 2019 மே மாதம் எவரெஸ்ட் முகட்டில் ஏறுநர்கள் நீண்ட வரிசையில் நின்ற நெரிசல் படம் உலகமெங்கும் பரவியது; அதைப் பார்த்தபோது விவரமறிந்தவர்கள் மனதில் ஓடியது இந்தக் கழித்தல் கணக்குதான். குளிரும் குழப்பும்: 20 டிகிரியில் 300 காட்டிய அழுத்தமானி முள், மைனஸ் 30-இல் சுமார் 250 காட்டும். கசிவில்லை, குளிர்ந்த வாயுவின் இயல்பு. இது தெரியாதவர் பதறுவார். தெரிந்தவரோ உண்மையான கசிவையும் குளிர் என்று விட்டுவிடக்கூடும். முகமூடியில் மூச்சின் ஈரம் உறைந்து வால்வை அடைக்கும், அதை அவ்வப்போது கையால் நசுக்கி உடைக்க வேண்டும். அடைபட்ட முகமூடி, முகமூடியே இல்லாததைவிட மோசம். எல்லாம் சரியாக ஓடினாலும் சிலிண்டர் உங்களைக் கடல்மட்டத்துக்குக் கொண்டுவராது, ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேல் இறக்கிவைக்கும். அது திடீரென்று நின்றால் அந்த உயரம் முழுவதும் ஒரே நிமிடத்தில் திரும்பத் தலையில் ஏறும். சிலிண்டரே இல்லாமல் பழகி வந்தவரைவிட இவர் நிலை மோசம். ரெய்ன்ஹோல்ட் மெஸ்னரும் பீட்டர் ஹாபலரும் 1978 மே 8 அன்று சிலிண்டர் இல்லாமல் எவரெஸ்ட் தொட்டு இது முடியும் என்று காட்டினார்கள். முடியும் என்பது எல்லாருக்கும் முடியும் என்றாகாது. உச்சியில் கிடைக்கும் அந்த 43 மி.மீ. மனித உடம்பின் விளிம்பை ஒட்டி நிற்கிறது. அழுத்தம் இன்னும் கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால் அவர்களாலும் முடிந்திருக்காது.

தலை மழுங்குவது என்றால் என்ன என்பதற்கு அன்னபூர்ணாவைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. 1950 ஜூன் 3 அன்று மோரிஸ் ஹெர்சோகும் லூயி லஷெனாலும் அங்கே மனிதனின் முதல் எட்டாயிரம் மீட்டர் உச்சியைத் தொட்டார்கள். இறங்கும்போது ஹெர்சோக் பையைத் திறக்கக் கையுறைகளைக் கழற்றிக் கீழே வைத்தார். எதற்காகத் திறந்தார் என்பது அவருக்கே பிறகு நினைவில்லை. கையுறைகள் சரிவில் சறுக்கிப் போயின. போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பையில் மாற்றுக் காலுறைகள் இருந்தன. இப்படி ஒரு நேரத்தில் கையுறையாக மாட்டிக்கொள்வதற்காகவே எப்போதும் கொண்டுபோகிறவர் அவர். அந்த யோசனையே அவருக்கு வரவில்லை. வெறுங்கையோடு இறங்கினார். விரல்களை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது. கீழே உட்கார்ந்து படிக்கிற நமக்குக் காலுறை பளிச்சென்று தெரிகிறது, அங்கே அது தெரிவதற்கான ஆக்சிஜன் இல்லை.

இறங்கும்போதுதான் அதிகம் சாகிறார்கள் என்பதும் இதோடு சேர்ந்தது. மேலே சொன்ன எவரெஸ்ட் ஆய்வில், 8000 மீட்டருக்கு மேல் இறந்த ஏறுநர்களில் பெரும்பாலோர் உச்சி தொட்டுத் திரும்புகையில் இறந்தவர்கள். அளவுகடந்த களைப்பு, தாமதமாக உச்சியை அடைந்தது, குழப்பம், தள்ளாட்டம் என்பவை அந்த மரணங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. பனிச்சரிவோ விழுந்த பாறையோ தேவைப்படாத சாவுகள் இவை. ஒருவர் மெதுவாகப் பின்தங்குவார், உட்காருவார், அப்புறம் எழமாட்டார். 8000 மீட்டரில் எழ முடியாத ஒருவரைத் தூக்கிவருவது, தன் உடம்பையே நகர்த்த முடியாத நாலைந்து பேரால் ஆகிற காரியமில்லை.

கயிறு பற்றியும் ஒரு வார்த்தை. மலையில் முன்பே கட்டிவைத்திருக்கும் நிலைக்கயிற்றில் ஜூமர் என்ற பிடிகருவி மேலே மட்டும் நகரும், பின்னால் வழுக்காது. அதோடு தனி வாரில் காரபைனர் என்ற கொக்கி வளையம் ஒன்று காப்புக்காக மாட்டியிருக்கும். கயிறு பனியில் ஊன்றப்பட்டிருக்கும் இடம் வரும்போது, முதலில் காப்புக் காரபைனரை எடுத்து அடுத்த கயிற்றில் மாட்டி, பிறகுதான் ஜூமரை மாற்ற வேண்டும். எந்த நொடியிலும் ஒன்றாவது கயிற்றில் இருக்க வேண்டும். கீழே பயிற்சியில் குழந்தைகூடச் செய்துவிடும். மேலே தடித்த கையுறை, முகமூடி இடுப்பை மறைக்கிறது, பின்னால் ஒருவர் காத்து நிற்கிறார். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றிவிடுகிறார்கள். இன்னொரு கண்ணி, பக்கத்திலேயே தொங்கும் போன வருடக் கயிறு. வெயிலில் வெளுத்து, உள்ளே இற்று, ஊன்றிய ஆணி, சுற்றியுள்ள பனி உருகித் தளர்ந்திருக்கும். மங்கலான வெளிச்சத்தில் எல்லாக் கயிறும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

பனிக்கடி என்பது கடுங்குளிரில் விரலும் தசையும் உறைந்துபோவது. அதில் பலரும் தவறவிடும் விஷயம், வலி நிற்பது. விரல் வலிக்கும்வரை ரத்தம் ஓடுகிறது என்று பொருள். வலி நின்று மரத்துவிட்டால் நிம்மதியடையாமல் உடனே கவனிக்க வேண்டும். பனியால் தேய்ப்பதும் அடுப்பில் காட்டுவதும் தசையைக் கெடுக்கும். 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் அரைமணி போல வைக்க வேண்டும். அதற்கும் ஒரு நிபந்தனை: மறுபடி உறைய வாய்ப்பிருந்தால் உருக்கவே கூடாது. உறைந்த காலோடு நடந்து இறங்கிவிடலாம். உருக்கிய கால் ஊன்ற விடாது. உருகி மறுபடி உறைந்தால் இழப்பு பல மடங்கு.

வறண்ட காற்றும் தன் பங்குக்குச் செய்யும். தொண்டைச் சவ்வு உலர்ந்து உரிவதும், இருமி இருமி விலா எலும்பு முறிவதும் அங்கே நடப்பவை. 1924-இல் எவரெஸ்ட்டில் 8500 மீட்டருக்கு மேல் சென்று திரும்பிய ஹோவர்ட் சாமர்வெல்லுக்கு (நெய்யூர் மிஷன் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் அவர்) குரல்வளையின் உட்சவ்வு உறைந்து உரிந்து மூச்சை அடைத்துக்கொண்டது. செத்தோம் என்று உட்கார்ந்தவர் கடைசியாக இரு கைகளாலும் மார்பை அமுக்கி, அதை வெளியே தள்ளித் தப்பினார்.

இதுவரை சொன்னவை உடம்புக்குள் நடப்பவை. வெளியிலிருந்து வருவதைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் அதில் திறமைக்கு இடம் குறைவு. செராக் என்னும் தொங்கு பனிப்பாறை எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதிகாலையில் கடந்தால் பாதுகாப்பு என்பார்கள். 2014 ஏப்ரல் 18 அன்று எவரெஸ்ட் வழியிலுள்ள கும்பு பனியருவியில் 16 நேபாளத் தொழிலாளர்களைக் கொன்ற சரிவு காலை ஏழு மணிக்கு முன்பே வந்தது. 2008 ஆகஸ்ட்டில் கே2-வில் 11 பேர் இறந்த விபத்தில் பனிப்பாறை உடைந்து கயிறுகளை வாரிச்சென்றது இருட்டிய பிறகு. வெயில் ஒரு காரணம்தான். பனியாறு நகர்ந்துகொண்டே இருப்பது அதைவிடப் பெரிய காரணம், அதற்குக் கடிகாரம் கிடையாது. செய்யக்கூடியது ஒன்றே: அதன் அடியில் நிற்கும் நேரத்தைக் குறைப்பது. வாடிக்கையாளர் அந்த இடத்தைச் சில முறை கடந்தால், சுமை தூக்குபவர் ஒரே பருவத்தில் பல மடங்கு கடக்கிறார். உயரமலையின் கவர்ச்சியைப் பேசுகிறவர்கள் அந்தக் கணக்கை விட்டுவிட்டுப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை.

இனி, ஏன் போகிறார்கள்? புகழ், பட்டியலை முடிக்கும் ஆசை, எதையோ நிரூபிக்கும் வெறி எல்லாம் உண்டு. ஆனால் அவை ஒருமுறை போவதற்குத்தான் காரணமாகும், விரல் இழந்தவர் மறுபடி போவதை விளக்காது. அங்கே வாழ்க்கை மிக எளிதாகச் சுருங்கிவிடுகிறது: ஓர் அடி, நான்கு மூச்சு, அடுத்த அடி. பனியை உருக்கித் தண்ணீராக்குவதே அரைநாள் வேலை. கீழே மனதைப் பிய்க்கிற ஆயிரம் விஷயங்களுக்கு அங்கே இடமில்லை, அந்தக் குவிப்பு ஒருமுறை ருசித்தவரை விடாது. அடுத்தது கயிற்றுறவு, அதாவது ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு ஏறுகிறவர்களின் பிணைப்பு. 1953-இல் ஹூஸ்டன் தலைமையில் கே2 சென்ற குழு, நோயுற்ற ஆர்ட் கில்கியைப் புயலில் கட்டி இறக்கிக்கொண்டிருந்தது. ஒருவர் வழுக்கி, கயிறுகள் சிக்கி, ஐந்து பேர் சரிவில் போனார்கள். பீட் ஷோனிங் என்ற ஒற்றை ஆள், பாறைக்குப் பின்னால் செருகிய ஐஸ் ஆக்ஸில் (பனிக்கோடரி) கயிற்றைச் சுற்றி, விழுந்த ஐவரையும் கில்கியையும் சேர்த்துத் தாங்கினார். கில்கியை அந்த மலை சற்று நேரத்தில் வேறு விதமாக எடுத்துக்கொண்டது. மற்ற எல்லாரும் இறங்கினார்கள். இப்படி ஓர் உறவு சமவெளியில் வாய்ப்பது அரிது.

மூன்றாவது காரணத்தைப் பலர் ஒப்புக்கொள்வதில்லை. ஆக்சிஜன் குறைவு லேசான போதையைப் போன்றது. பயம் மங்கும், ஒரு மிதப்பான நிறைவு வரும், வலியின் நினைவு சரியாகப் பதியாது. திரும்பி வந்தபின் உச்சியும் வெளிச்சமும் மிஞ்சும், வாந்தியும் இருமலும் மங்கிப்போகும். அடுத்த பயணத்தை முடிவுசெய்வது இந்த ஓட்டை நினைவுதான். அதோடு மலை மோசமான ஆசிரியர். தவறான சரிவில் ஒன்பது முறை நடந்து ஒன்றும் ஆகாவிட்டால், நாம் கற்றுக்கொள்வது "நம் கணிப்பு சரி" என்பதைத்தான். அனுபவம் ஏற ஏற இந்தப் பொய்ப்பாடமும் ஏறுகிறது. எட்டாயிரம் மீட்டரைத் தாண்டிய பதினான்கு மலைகளையும் ஏறி முடித்த இரண்டாவது மனிதர் யெர்ஸி குகுச்கா 1989-இல் லோட்சே மலையின் தென்முகத்தில் விழுந்து இறந்தார். வேகத்துக்குப் பேர்போன ஊலி ஸ்டெக் 2017-இல் நுப்ட்சே மலையில். இவர்களுக்குத் திறமை போதவில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இதுவரை சொன்ன அழுத்தம், பழகுதல், மருந்துகள் ஆகியவை உறுதியான தளத்தில் நிற்பவை. உறுதியில்லாதவையும் இருக்கின்றன. முதல்முறை போகிற ஒருவருக்கு நோய் வருமா என்று முன்கூட்டிச் சொல்லும் நம்பகமான சோதனை கிடையாது. முன்பு எப்படி இருந்தது என்பதே இன்றும் சிறந்த குறிகாட்டி. திபெத்தியர்களிடம் இபிஏஎஸ்1 என்ற மரபணுவின் தனி வடிவம் பரவலாக இருப்பதும், உயரத்திலும் அவர்கள் ரத்தம் அதிகம் கெட்டியாகாமல் இருப்பதும் உறுதி. அதை வைத்து, திபெத்திய வழிவந்த ஷெர்பாக்களுக்கு உயரநோயே வராது என்பது கட்டுக்கதை. உயரமலைக்கு அடிக்கடி போவதால் மூளைக்கு நிரந்தரச் சேதம் உண்டா என்பதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. 2025-இல் சிலர் ஜெனான் வாயுவைச் சுவாசித்துவிட்டு ஒரு வாரத்தில் எவரெஸ்ட் ஏறித் திரும்பியது செய்தியானது. அவர்கள் வீட்டிலேயே வாரக்கணக்கில் ஆக்சிஜன் குறைந்த கூடாரத்தில் தூங்கிப் பழகியிருந்தார்கள் என்பதால், ஜெனானின் பங்கு எவ்வளவு என்று அதிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. இல்லாத துணையை உணர்வதும் இந்த வகைதான். 1933-இல் எவரெஸ்ட்டில் தனியாக 8500 மீட்டரைத் தாண்டிய ஃபிராங்க் ஸ்மைத், மிட்டாய்க் கட்டியை இரண்டாக உடைத்து, பாதியைக் கொடுக்கப் பின்னால் திரும்பினார். அங்கே யாரும் இல்லை. ஆக்சிஜன் குறைவா, தனிமையா, களைப்பா என்பதற்குப் பல விளக்கங்கள் இருக்கின்றன, ஒன்றும் முடிந்தபாடில்லை.

போகும் எண்ணம் உங்களுக்கே இருந்தால், எட்டாயிரத்தில் தொடங்காதீர்கள். 5000, 6000, 7000 என்று வெவ்வேறு ஆண்டுகளில் போய் உங்கள் உடம்பு எந்த உயரத்தில் என்ன செய்கிறது என்று எழுதிவையுங்கள்: எந்த இரவில் தலைவலி வந்தது, எந்த உயரத்தில் சாப்பாடு இறங்கவில்லை. உச்சி நாளில் எடுக்க வேண்டிய முடிவுகளைத் தலை தெளிவாக இருக்கும்போதே, அடிவார முகாமிலேயே எடுத்துவிடுங்கள். திரும்பும் நேரம், உதாரணமாகப் பகல் ஒரு மணி, உச்சி கண்ணெதிரே இருந்தாலும். சிலிண்டர் எந்த அழுத்த அளவுக்கு இறங்கினால் திரும்புவது. யார் தடுமாறினால் யார் கூட இறங்குவது. இவற்றை எழுதி, கீழே வானொலிக் கருவியில் உட்காருகிறவரிடம் கொடுங்கள். நேரம் ஆனதும் அவர் உங்கள் கருத்தைக் கேட்கக்கூடாது. "எப்படி இருக்கிறாய்?" என்றால் மேலிருந்து "அருமையாக இருக்கிறேன்" என்றுதான் பதில் வரும். "முகம் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, மேலேயா கீழேயா?" என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள்.